தொப்பியின் உள்பக்கம்

(நங்கநல்லூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெரிய ஆபத்து சின்ன இழப்போடு விலகிப்போனால், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லி மூச்சு விடுவோம். 1806-இல் வேலூரில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. அங்கே தலைப்பாகைக்கு வந்த வம்பு தலைகளை வாங்கிக்கொண்டு போயிற்று. 1805 நவம்பரில், மதராஸ் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில், சிப்பாய்களுக்குப் புதிய தலையணி ஒன்று முடிவாயிற்று. அதில் தோலால் ஆன ஒரு சின்னம் செருகப்பட்டிருந்தது. அடுத்த மார்ச்சில் இன்னோர் ஆணை: சீருடையில் இருக்கும்போது நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடையை மழித்திருக்க வேண்டும், மீசைகூட ஒரே அளவாக இருக்க வேண்டும். மே மாதம் வேலூரில் சிப்பாய்கள் அணிய மறுத்தார்கள். மறுத்தவர்களைச் சென்னைக் கோட்டைக்கு அனுப்பினார்கள். ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் கசையடியும் பணிநீக்கமும் கிடைத்தன. தண்டனை விதிக்கப்பட்ட மேலும் 19 பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள். ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. 14 அதிகாரிகளும், பிரிட்டிஷ் 69-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களும் மாண்டார்கள். ஆற்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டார். அதில் கொல்லப்பட்ட சிப்பாய்கள் ஏறத்தாழ 350 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தலையணி ஆணை திரும்பப் பெறப்பட்டது. 1807-இல் கிரடாக், ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் இருவரையும் கிழக்கிந்தியக் கம்பெனி திருப்பி அழைத்துக்கொண்டது.

இவ்வளவும் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. 2006-இல் இருநூறாம் ஆண்டுக்குத் தபால் தலையும் வந்தது. ஆனால், அந்தத் தொப்பி எப்படி இருந்தது என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். உயரமா, தட்டையா? விளிம்பு இருந்ததா? என்ன எடை? கையில் எடுத்தால் மடங்குமா, பெட்டி மாதிரி நிற்குமா? ஒரு பொருளுக்காக இத்தனை பேர் செத்திருக்கிறார்கள், அந்தப் பொருள் மட்டும் நம் மனக்கண்ணில் இல்லை. இன்று நான் பேச வந்திருப்பது, பழைய படைத் தொப்பிகளை அந்தக் காலத்துத் துணியோடும் அந்தக் காலத்துத் தையலோடும் மறுபடி தைப்பதைப் பற்றி. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய போர்களை மைதானத்தில் நடித்துக் காட்டும் குழுக்கள் இருக்கின்றன. அவர்களுக்கும், பழம்பொருள் சேகரிப்பவர்களுக்கும் இப்படித் தைத்துக் கொடுப்பது ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது. நம் நாட்டிலும் காசியில் ஜரிகை வேலை செய்பவர்கள் வெளிநாட்டுப் படைகளுக்கான சின்னங்களைக் கையால் தைத்து அனுப்புகிறார்கள். இதை வேலையற்ற பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் சொல்ல வருவது வேறு. ஒழுங்காகத் தைத்த ஒரு நகல் தொப்பி, ஆவணமும் ஓவியமும் சொல்லாத சில விஷயங்களைச் சொல்லும். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை, அது தன்னை நகல் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம்மிடம் இருக்கும் சான்றுகள் எப்படிப்பட்டவை என்று முதலில் பார்ப்போம். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இருந்த ஓவியர்கள் கம்பெனிக்காரர்களுக்கு வரைந்து விற்ற படங்களில் சிப்பாயும் அவன் மனைவியும் ஜோடியாக நிற்பார்கள். லண்டன் அருங்காட்சியகங்களில் அவை நிறைய இருக்கின்றன. 1911-இல் வெளிவந்த ‘ஆர்மீஸ் ஆஃப் இந்தியா’ என்ற நூலில் ஓவியர் லவெட் வரைந்த வண்ணப்படங்களில் மெட்ராஸ் சேப்பர் படைவீரனின் விறைத்த கருநீலத் தொப்பியைப் பார்க்கலாம். பிறகு புகைப்படங்கள் வந்தன. எல்லாம் அருமையான சான்றுகள்தான். ஆனால் ஓவியத்துக்கு உள்பக்கம் கிடையாது. ஓவியர் முன்பக்கத்தை வரைகிறார், அதிகம் போனால் பக்கவாட்டை. தலையைச் சுற்றி வரும் வியர்வைப் பட்டை தோலா துணியா, உள்ளே விறைப்புக்கு வைத்தது மூங்கில் பிளாச்சா இரும்பு வளையமா பக்ரமா, தையல் இஞ்சுக்கு எத்தனை, மழையில் நனைந்தால் சாயம் நெற்றியில் இறங்குமா, இதெல்லாம் படத்தில் வராது. ஆவணமோ இதைவிடக் கஞ்சம். இத்தனை தலையணி, இத்தனை கஜம் துணி என்று கணக்கெழுதிவிட்டு நின்றுவிடும். தைக்க உட்காருகிறவர்தான் இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் தேடியாக வேண்டும், ஏனென்றால் பதில் இல்லாமல் அவர் ஒரு துண்டுகூட வெட்ட முடியாது. வரலாற்றாசிரியர் ஒரு பெயரடையைப் போட்டுத் தாண்டிப் போய்விடலாம். தையல்காரருக்கு அந்தச் சலுகை இல்லை.

வேலூரையே எடுத்துக்கொள்வோம். கம்பெனியின் காகிதங்களில் அந்தப் பொருளின் பெயர் ‘டர்பன்’, அதாவது தலைப்பாகை. சிப்பாயின் வாயில் அது தொப்பி. வெள்ளைக்காரர்களைத் தொப்பிக்காரர்கள் என்றே அழைத்த ஊர் இது. தொப்பி போட்டவன் பரங்கி, இல்லாவிட்டால் பரங்கியின் மதத்துக்குப் போனவன். (இங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்கும் பரங்கிமலை அந்தச் சொல்லை இன்றும் தன் பெயரில் சுமந்துகொண்டிருக்கிறது.) ஆக, 1806-இன் சண்டையை ஒரே கேள்வியாகச் சுருக்கலாம்: அது தலைப்பாகையா, தொப்பியா? அதிகாரி ஒன்று சொன்னார், சிப்பாய் இன்னொன்று சொன்னான். யார் சொன்னது நியாயம் என்று காகிதத்தை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது, ஏனென்றால் காகிதம் எழுதியது ஒரு கட்சிக்காரர். பொருளை உண்டாக்கி ஒரு தலையில் வைத்து, அணிவகுப்புத் தூரத்திலிருந்து பார்த்தால் நம் கண்ணே ஒரு பக்கம் சாயும்.

கண்ணுக்குத் தெரிவதைவிட, போட்டவனுக்குத் தெரிந்தது இன்னும் முக்கியம். தலைப்பாகை என்பது சுற்றுவது. ஒவ்வொரு நாளும் அவனவன் தலைக்கு ஏற்பச் சுற்றிக்கொள்ளலாம். குடுமி இருந்தால் துணி அதைச் சுற்றிக்கொண்டு போகும். கம்பெனியின் பழைய தலையணியும் வெறும் துணி அல்ல, அதுவும் சட்டம் கட்டி விறைப்பாக்கியதுதான். ஆனாலும் சிப்பாய் அதைத் தலைப்பாகையின் வம்சத்தில் சேர்த்துக்கொண்டான். புதியதை அந்த வம்சத்தில் சேர்க்க மறுத்தான். ஏன்? விறைத்த பட்டை ஒன்று நெற்றியின் குறுக்கே எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். திருநீறோ நாமமோ இடும் இடத்தில்தான். நெற்றிக் குறி கூடாது என்ற மார்ச் மாத ஆணையையும் நவம்பர் மாதத் தலையணியையும் நாம் இரண்டு தனிச் செய்திகளாகப் படிக்கிறோம். தலையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே அங்குலத்தில் சந்திக்கின்றன. தொழுகையில் நெற்றி தரையைத் தொட வேண்டிய முஸ்லிம் சிப்பாய்க்கு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் இடைஞ்சல். இது என் கற்பனை வாதம் அல்ல. துருக்கியில் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1820-களில் தன் படைக்கும் அதிகாரிகளுக்கும் புதிய தொப்பி தேடியபோது, விளிம்பில்லாத ஃபெஸ் தொப்பி நிலைத்ததற்கு இந்த வசதியும் ஒரு காரணம். நூறு ஆண்டு கழித்து, 1925-இல், அத்தாதுர்க் அதையும் ஒழித்து விளிம்புள்ள ஐரோப்பியத் தொப்பியைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தபோது அங்கேயும் கலவரம் ஆயிற்று. விளிம்பு அரை அங்குலமா ஒரு அங்குலமா என்பது தையல் விவரம் மட்டும் இல்லை என்பது இப்போது விளங்கும்.

தலையணியை அற்ப விஷயம் என்று நினைக்கும் பழக்கம் நம் ஊரில் எப்போதும் இருந்ததில்லை. கோயிலில் பரிவட்டம் கட்டுவது யாருக்கு முதலில் என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடியிருக்கிறோம். பாரதியை முண்டாசு இல்லாமல் வரைந்தால் குழந்தைக்கு அடையாளம் தெரியாது. ஒரு முதலமைச்சரின் வெள்ளைத் தொப்பியைப் பற்றித் தமிழ்நாடு முழுக்கப் பேசித் தீர்த்திருக்கிறது. அப்படிப்பட்ட நாம், ஒரு தொப்பியால் வந்த கிளர்ச்சியைப் படிக்கும்போது மட்டும், ‘உண்மைக் காரணங்கள் வேறு, தொப்பி ஒரு சாக்கு’ என்று கடந்து போகிறோம். வேறு காரணங்கள் இருந்தன, மறுக்கவில்லை. திப்புவின் குடும்பம் அந்தக் கோட்டைக்குள்ளேயே காவலில் இருந்தது, அவர்கள் பெயரும் அடிபட்டது. ஆனால் சாக்காக எடுத்துக்கொள்ளவும் ஒரு பொருளுக்குத் தகுதி வேண்டும்.

இனி, தைப்பதில் இருக்கும் கஷ்டத்துக்கு வருகிறேன். தையல் மெஷினை வைத்துக்கொண்டு 1806-இன் தொப்பியைத் தைக்க முடியாது. சிங்கர் தன் மெஷினுக்கு உரிமம் வாங்கியது 1851-இல். அதற்கு முந்தைய தையல் ஏறக்குறைய எல்லாம் கைத்தையல், ஓரம் மடித்துத் தைத்ததும்கூட. சாயமும் அப்படியே. செயற்கைச் சாயம் பிறந்தது 1856-இல், செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது 1897-இல். அதற்கு முந்தைய சீருடையின் நீலம் அவுரிச் செடியிலிருந்து வந்தது. தென்னாற்காட்டில் வயல் வயலாக விளைந்த அதே அவுரி. அவுரி நீலம் வெளுக்கும் விதமே வேறு, உரசும் இடத்தில் முதலில் வெளுக்கும். பாலியெஸ்டர் நூல் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. அதனால்தான் சேகரிப்பவர்கள் இருட்டறையில் புற ஊதா விளக்கைப் பிடித்துப் பார்க்கிறார்கள். பிற்கால நூலிலும் துணியிலும் சேர்க்கும் வெளுப்பு ரசாயனம் அந்த வெளிச்சத்தில் பளீரென்று ஒளிரும், பழைய பருத்தி மங்கலாகவே இருக்கும். ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துக் கொளுத்தினாலும் தெரிந்துவிடும். கம்பளி முடி கருகும் நாற்றம் வீசும், பருத்தி காகிதம் போல எரியும், பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரளும்.

துணி கிடைப்பது இன்னொரு பிரச்சினை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதித் தொப்பிகளுக்குக் காக்கி டிரில் வேண்டும். இரண்டு உலகப் போர்களிலும் இந்தியப் படைக்குக் காக்கித் துணி கொடுத்த பெரிய ஆலைகளில் ஒன்று நம் பெரம்பூரில் இருந்த பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் மில். பி அண்ட் சி மில் என்றால் 1921 வேலைநிறுத்தம்தான் நமக்கு நினைவுக்கு வரும், வர வேண்டியதும்தான். ஆனால் அங்கே நெய்ததில் பெரும்பகுதி யார் உடம்பில் போயிற்று என்பதையும் சேர்த்து நினைக்கலாம். 1996-இல் மில் மூடப்பட்டது. மில்லோடு, அந்தத் துணியின் இழை எண்ணிக்கை, முறுக்கு, சாயம் ஏற்றும் பக்குவம் தெரிந்த கைகளும் கலைந்துபோயின. இன்று கடையில் காக்கி என்று கேட்டால் கலப்புத் துணியைத்தான் எடுத்துப் போடுவார்கள். மடிப்புக் கலையாமல் நிற்கும், சீக்கிரம் காயும், நல்ல துணி. பழைய தொப்பிக்கு மட்டும் உதவாது.

இதற்கு நேர்மாறான ஒரு கதை நெட்டியுடையது. வெள்ளைக்கார துரை என்றதும் மனதில் வரும் அந்தக் கவிழ்த்த கூடை போன்ற தொப்பியை ஆங்கிலத்தில் ‘சோலா டோப்பி’ என்பார்கள். சூரியனைக் குறிக்கும் சொல் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. ‘சோலா’ என்பது வங்காளத்தில் அந்தச் செடிக்குப் பெயர். தமிழில் அதே செடியின் தண்டுதான் நெட்டி. குளங்களிலும் சதுப்பிலும் வளரும், உள்ளே வெண்மையாக, கையில் எடுத்தால் எடையே தெரியாது. தஞ்சாவூரில் நெட்டியால் பெரிய கோயிலின் சிறு உருவங்களைச் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2020-இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆக, பொருள் இருக்கிறது, அதை மயிரிழையில் சீவும் கத்தி இருக்கிறது, அந்தக் கத்தியைப் பிடிக்கும் கை இருக்கிறது. அச்சு ஒன்றின் மேல் நெட்டித் தகடுகளை அடுக்கி ஒட்டி, துணி போர்த்தித் தொப்பியாக்கும் வழக்கம் மட்டும் போய்விட்டது. வெப்ப நாட்டு வெயில் நேராக மண்டையைத் துளைத்துப் புத்தியைக் கெடுத்துவிடும் என்று ஐரோப்பியர்கள் நூறு ஆண்டுகளாக நம்பினார்கள், மருத்துவர்களும் சேர்ந்துகொண்டு. இரண்டாம் உலகப் போரில் பர்மாக் காட்டில் சாதாரணத் தொப்பியோடு சண்டை போட்ட பிறகே அந்த நம்பிக்கை உடைந்தது, 1948-இல் பிரிட்டிஷ் படை அந்தத் தொப்பியைக் கைவிட்டது. நெட்டித் தொப்பியைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுக்கொண்டால், ஈரம் உலரும்போது உள்ளே குளிர்ச்சி தரும் என்பது அந்தக் காலத்து அனுபவம். இதைப் படித்துத் தெரிந்துகொள்வது ஒன்று. பங்குனி வெயிலில் நம் தலையிலேயே ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்து, மூடநம்பிக்கை எவ்வளவு, உபயோகம் எவ்வளவு என்று பிரிப்பது வேறு. அந்தத் தொப்பியை மறுபடி செய்ய, தஞ்சாவூர்க் கைவினைஞர் ஒருவரும் நல்ல தையல்காரர் ஒருவரும் சேர்ந்தால் போதும்.

சில தொப்பிகள் செத்துப்போகவே இல்லை. புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையில் சிவப்புக் கெப்பி அணிந்த காவலரோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் போய் எத்தனையோ காலம் ஆயிற்று, அவர்களுடைய தொப்பி வடிவம் தமிழ்க் காவலரின் தலையில் தொடர்கிறது. உபயோகத்தில் இருப்பதால் அதை வெட்டித் தைக்கும் அறிவும் இருக்கிறது. இதைப் பார்த்து யாரும் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தைப் புதுச்சேரி கொண்டாடுகிறது என்று சொல்வதில்லை.

இந்த இடத்தில் முதல் மறுப்புக்கு வரலாம். அடிமைப்படுத்தியவனின் படைத் தொப்பியை அக்கறையாகத் தைப்பது அடிமைப் புத்தி அல்லவா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அந்தத் தொப்பிகள் யார் தலையில் இருந்தன? 1758-இல் கம்பெனிப் படைத்தலைவர் லாரன்ஸ் காலத்தில் மதராஸ் சிப்பாய்கள் பட்டாளங்களாகத் திரட்டப்பட்டது முதல், அவற்றைச் சுமந்தவை பெரும்பாலும் தென்னாட்டுத் தலைகள். 1759 பிப்ரவரியில் பரங்கிமலையடியில் பிரெஞ்சுப் படையோடு நடந்த சண்டையில் கம்பெனிப் பக்கம் நின்று போரிட்டவர்களில் யூசுப் கான், அதாவது நம் மருதநாயகம், ஒருவர். பின்னால் அதே கம்பெனியை எதிர்த்துத் தூக்கில் தொங்கியவரும் அவரே. போட்டுக்கொண்டதும் நம்மவர்கள், கழற்றி எறிந்ததும் நம்மவர்கள். எறிந்த செயலைக் கொண்டாட வேண்டுமானால் எறியப்பட்ட பொருள் கண்ணில் தெரிய வேண்டும். மற்றபடி, எல்லாத் தொப்பியையும் யாரும் எங்கும் போட்டுக்கொள்ளலாம் என்பது என் கட்சி அல்ல. ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம். அந்தச் சட்டத்தில் எனக்கு உடன்பாடுதான். அருங்காட்சியகப் பெட்டிக்கும் பாடம் நடத்தும் மேடைக்கும் பொருந்துவது தெருவுக்குப் பொருந்தாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. நகலைத் தைக்கக் கற்றுக்கொடுத்தால் போலி பெருகும் என்பது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தை நினைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்கிறேன், தமிழர்களுக்கு மிக நெருக்கமான படை அது. 1943-இல் சிங்கப்பூரில் ராணி ஜான்சி படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த லட்சுமி சுவாமிநாதன். அதில் சேர்ந்த பெண்களில் பலர் மலாயா ரப்பர்த் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். படகைக் கவிழ்த்தாற்போன்ற அந்தக் காக்கித் தொப்பியை நாம் எல்லாரும் படத்தில் பார்த்திருக்கிறோம். அந்தப் படையின் உடைகள் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியப் படையின் கையிருப்பிலிருந்து வந்தவை. அப்படியானால் என்ன ஆகும்? ஒரு பழைய பிரிட்டிஷ் இந்தியத் தொப்பியில் புதிதாக வார்த்த ஒரு சின்னத்தைக் குத்திவிட்டால் அது ‘ஐ.என்.ஏ. தொப்பி’ ஆகிவிடும். துணி பழையது, நூல் பழையது, வியர்வைக் கறைகூடப் பழையது. புற ஊதா விளக்கும் நெருப்புச் சோதனையும் அதன் முன் தோற்றுப்போகும். ஏமாற்று வேலைக்குத் தேவை நல்ல தையல்காரர் அல்ல. ஒரு பழைய தொப்பி, ஒரு பொய்க் கதை, இரண்டும் போதும். முழுக்கப் புதிதாகத் தைத்த நகல் அந்த ஏமாற்றுக்கு உதவாத சரக்கு.

பொருளை நம்ப வைப்பது கதைதான் என்பதற்கு இன்னொரு சான்று. நேதாஜியின் தொப்பி ஒன்றை அவர் குடும்பத்தினர் 2019 ஜனவரியில் பிரதமரிடம் கொடுத்தார்கள், செங்கோட்டை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. 2021-இல் அது அங்கே காணவில்லை என்று செய்தி பரவிப் பெரிய சர்ச்சை ஆயிற்று. கொல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில் நடக்கும் கண்காட்சிக்காகக் கடனாக அனுப்பியிருக்கிறோம் என்று தொல்லியல் துறை விளக்கிய பிறகே அடங்கியது. காலியான இடத்தில் ‘மூலம் கொல்கத்தாவில் இருக்கிறது, இது நகல்’ என்று எழுதி ஒரு நல்ல நகலை வைத்திருந்தால் அந்த வதந்திக்கே இடமிருந்திருக்காது.

நகலுக்கும் போலிக்கும் உள்ள வேறுபாடு தமிழர்களுக்குப் புதிய பாடமும் அல்ல. சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் மெழுகு வார்ப்பில் சோழர் கால நடராஜரைப் போல வார்க்கிறார்கள். அவர்களை யாரும் போலிக்காரர் என்று சொல்வதில்லை. 2014-இல் திரும்பி வந்த ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவுக்குப் போனது சுவாமிமலை உலையால் அல்ல, திருடனாலும் பொய்க் காகிதத்தாலும். புதிய சிலையை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது ‘இது தொன்மைப் பொருள் அல்ல’ என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கும் முறை இருக்கிறது. தொப்பிக்கும் அதுவே சரி. 1972-ஆம் ஆண்டுத் தொன்மைப் பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. சேகரிப்பவரின் ஆசைக்கு நல்ல நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டால், பரண்மேல் கிடக்கும் மூலத்துக்கு ஆபத்து குறையும். ஆனால் நகல் தைப்பவர் ஒரு கடமையை ஏற்க வேண்டும். ஆண்டையும் தன் பெயரையும் ஒட்டுச் சீட்டாக வைக்காமல், பிரித்தால் தொப்பியே கெடும்படி வியர்வைப் பட்டைக்கு அடியில் நூலாலேயே தைத்துவிட வேண்டும். இதற்குச் சம்மதிக்காத வாடிக்கையாளர் எதற்காகத் தொப்பி கேட்கிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இன்றைய படையின் சீருடை வேறு விஷயம். படைவீரர் என்று நம்ப வைக்கும் நோக்கத்தோடு அந்த உடையை அணிவது 1860-இன் தண்டனைச் சட்டத்திலேயே குற்றமாக இருந்தது, 2024-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் குற்றம். பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கும்போது இந்தப் பக்கத்துத் தையல்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக, சினிமா இருக்கிறதே, கோடம்பாக்கத்தில் தைக்காத தொப்பியா என்பார்கள். தைத்திருக்கிறார்கள், அவசரத்தில், குறைந்த காசில், ஆயிரக்கணக்கில். அது ஒரு தனித் திறமை. ஆனால் சினிமாத் தொப்பி கேமராவுக்காகத் தைத்தது. பத்தடி தூரத்தில், இரண்டு விநாடி, முன்பக்கம் சரியாக இருந்தால் போதும். அதற்கும் உள்பக்கம் கிடையாது. பள்ளி மாறுவேடப் போட்டிக்கு வாடகைக்கு வரும் நேதாஜித் தொப்பி இன்னும் ஒரு படி கீழே, அட்டையும் பசையும். குழந்தைக்கு அது போதும். ஆண்டுதோறும் அதையே பார்த்து வளர்ந்த பெரியவர்களுக்கும் அதுவே போதும் என்று ஆகிவிட்டதுதான் வருத்தம். வேஷம் கட்டுவதை விளையாட்டாக நினைக்காத மரபு நம்முடையது. கூத்தில் கட்டை கட்டுகிறவர் அந்தக் கிரீடத்தின் எடையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு விடிய விடிய ஆடுகிறார். அந்த எடை ஆட்டத்தை மாற்றுகிறது என்பது அவருக்குத் தெரியும். வெளிநாட்டில் பழைய போரை நடித்துக் காட்டுபவர்களில் சிரத்தையானவர்கள் பொத்தானின் உள்பக்கத்தைக்கூட விடாமல் சரிபார்ப்பது இதே காரணத்தால்தான்.

கடைசி மறுப்பை நானே எழுப்பிக்கொள்கிறேன், எனக்கே இது உறுத்துகிறது. சான்று குறைவாக இருக்கும் இடத்தில் ஒரு திடமான பொருளைச் செய்து வைத்தால், பார்க்கிறவர்கள் அதையே உண்மை என்று நம்பிவிடுவார்கள். வாக்கியத்தில் ‘ஒருவேளை’ என்று எழுதலாம், தொப்பியில் ‘ஒருவேளை’ தைக்க முடியாது. உண்மை. ஒன்றே ஒன்றைத் தைத்தால் அது பொய் சொல்லும். ஆகவே மூன்று தைக்க வேண்டும். வேலூர்த் தலையணியைப் பற்றிய வர்ணனைகளிலிருந்து, தலைப்பாகைக்கு மிக நெருக்கமாக வரக்கூடிய வடிவம் ஒன்று, வட்டத் தொப்பிக்கு மிக நெருக்கமாக வரக்கூடியது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எந்த வரியிலிருந்து வந்தது என்று எழுதிவிட வேண்டும். பார்க்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம்: கிரடாக் இதைத் தலைப்பாகை என்றார், சிப்பாய் தொப்பி என்றான், நீ என்ன சொல்கிறாய்? அந்தப் பிள்ளை மூன்றில் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துப் பார்க்கும். மூலத்தை அப்படித் தலையில் வைக்க எந்தக் காப்பாளரும் விடமாட்டார்.

தையல் தெரிந்தவர்கள் இந்த அவையில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலோ உறவினர் வீட்டிலோ பட்டாளத்துக்கோ போலீசுக்கோ போனவரின் பழைய தொப்பி கிடந்தால், துவைக்காதீர்கள், வெயிலில் காயப்போடாதீர்கள், வாங்க வருகிறவரிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள். உள்பக்கத்தைப் படம் எடுங்கள். பிரிக்காமல், காகிதத்தை மேலே வைத்து ஒவ்வொரு துண்டின் வடிவத்தையும் பென்சிலால் எடுங்கள். ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல் என்று எண்ணி அந்தக் காகிதத்திலேயே எழுதுங்கள். எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகத்தில் 2021 முதல் காவல் அருங்காட்சியகம் இருக்கிறது. சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் கம்பெனிக் காலத்துப் பொருள்களும் சீருடைகளும் இருக்கின்றன. பழவந்தாங்கலில் ரயில் ஏறினால் கோட்டை நிலையத்துக்கு மாற வேண்டியதில்லை, ஒரே வண்டி. போகிறவர்கள் வாளையும் பீரங்கியையும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், சீருடைப் பெட்டியின் முன் நின்று தையலைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள், கோட்டை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.